'உபா போடு' என்று கமென்ட் போடும் நம் தோழர்களுக்கு



எங்காவது குண்டு வெடித்த செய்தி டிவியில் ஓட ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. யார் செய்தது, எத்தனை உயிர் போனது என்று போலீசுக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது. அதற்குள் கமென்ட் பகுதியில் தீர்ப்பு எழுதியாச்சு. "உபாவுல தூக்கி உள்ள போடுங்க, ஜாமீனே கிடைக்கக் கூடாது." கோபம் புரிகிறது. ஆனால் இப்போது இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் யாராவது மேடையில் ஏடாகூடமாகப் பேசினால், "இவன் மேல உபா பாயாதா?" என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக்கும் விழுகிறது.

இந்தப் பதிவு அவர்களுக்காகத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பயங்கரவாதம் கற்பனை இல்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 பேர் செத்தார்கள். 2008 நவம்பரில் மும்பையில் 166 பேர். கை கால் போனவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். செய்தவனைப் பிடிக்கணும், தண்டிக்கணும். இதில் நமக்குள் இரண்டு கருத்து கிடையாது. நம் கேள்வியெல்லாம், உபா அந்த வேலையைச் செய்கிறதா என்பதுதான்.

மத்திய உள்துறையே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கைப் பாருங்கள். 2016 முதல் 2019 வரை நான்கு ஆண்டுகளில் உபாவில் கைதானவர்கள் 5,922 பேர். அதே நான்கு ஆண்டுகளில் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது 132 பேரை. வழக்குகள் இழுபடுகின்றன, மீதிப் பேருக்குத் தண்டனை பின்னால் வரலாம் என்று சொல்வார்கள். சரி, வரலாம். அதுவரை அவர்கள் எங்கே இருப்பார்கள்? சிறையில்.

சாதாரண வழக்கில் போலீஸ் 60 நாளில், பெரிய குற்றமென்றால் 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யணும். செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. உபாவில் அரசு வழக்கறிஞர் ஒரு அறிக்கை கொடுத்தால், நீதிமன்றம் அதை 180 நாள் வரை நீட்டிக்கலாம். ஆறு மாதம்! குற்றம் என்னவென்று எழுத்தில் முழுசாகச் சொல்லாமலேயே ஒரு மனுஷனை ஆறு மாதம் உள்ளே வைக்கலாம்.

அதைத் தாண்டினால் 43டி(5) என்ற பிரிவு நிற்கிறது. 2008-ல் சேர்த்தது. போலீஸ் கொடுத்த காகிதங்களைப் படித்ததும் 'குற்றச்சாட்டு உண்மையாக இருக்கலாம்' என்று நம்ப நியாயமான காரணம் தெரிந்தாலே, நீதிபதி ஜாமீன் தரக் கூடாது. 2019 ஏப்ரலில் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. ஜாமீன் கட்டத்தில் சாட்சியங்களை எடை போட்டுப் பார்க்கக் கூடாது என்றது. அப்புறம் என்ன மிச்சம்? போலீஸ் எழுதிக் கொடுத்ததை மட்டும் வைத்து, போலீஸ் எழுதியது சரியா என்று பார்க்கணும். 2021-ல் நஜீப் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், விசாரணை முடியாமல் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருந்தால் உபாவிலும் ஜாமீன் தரலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த ஜன்னல் வழியாக வெளியே வரவே ஒருத்தர் முதலில் பல ஆண்டுகள் உள்ளே இருக்கணும்.

ஸ்டேன் சுவாமிக்கு அந்த ஆண்டுகள் இல்லை. நம்ம திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர். பாதிரியார். ஜார்கண்டில் ஆதிவாசி மக்களோடு வாழ்ந்து, விசாரணைக் கைதிகளாகவே சிறையில் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனவர். 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் என்.ஐ.ஏ. கைது செய்தபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சு குழாயும் உறிஞ்சிக் குடிக்கும் கப்பும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனு போட்டார். அதற்குப் பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. ஒரு குழாய்க்கு, தோழர்களே! ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது. சிறையில் உடம்பு மோசமானது. 2021 ஜூலை 5 அன்று, அவருடைய ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த அதே நாளில், மும்பை மருத்துவமனையில் இறந்துபோனார். வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை. அவர் குற்றவாளியா இல்லையா என்று இனி எந்த நீதிமன்றமும் முறையாகச் சொல்லப்போவதில்லை.

பேராசிரியர் சாய்பாபா கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் நகர்ந்தவர். 2014-ல் கைது, 2017-ல் ஆயுள் தண்டனை. 2022 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. மறுநாள் சனிக்கிழமை. விடுமுறை நாளில் உச்ச நீதிமன்றம் சிறப்பு அமர்வு கூட்டி அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், உயர் நீதிமன்றம் இரண்டாவது முறையாகவும் அவர் குற்றமற்றவர் என்று விடுவித்தது. வெளியே வந்து ஏழு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

'இதெல்லாம் டெல்லியில் இப்போது ஆள்பவர்கள் செய்தது' என்று சொல்லி நாம் கை கழுவிவிட முடியாது. இந்தச் சட்டத்தைக் கட்டியதில் பல கட்சிகளின் கை இருக்கிறது.

உபா 1967-ல் வந்தது. அதற்கு அடித்தளம் 1963-ல் வந்த 16-வது அரசியல் சட்டத் திருத்தம். நாட்டின் ஒருமைப்பாட்டைக் காரணம் காட்டிப் பேச்சுரிமைக்கும் சங்கம் அமைக்கும் உரிமைக்கும் வரம்பு கட்டிய திருத்தம் அது. அன்றைக்கு அது யாரைக் குறி வைத்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. திராவிட நாடு கோரிக்கை சூடாக இருந்த நேரம். அண்ணா மாநிலங்களவையில் எழுந்து நின்று அதை எதிர்த்துப் பேசினார். முதலில் உபா அமைப்புகளைத் தடை செய்யும் சட்டமாகத்தான் இருந்தது. 'பயங்கரவாதம்' என்ற அத்தியாயம் அதில் கிடையாது.

நடுவில் 1985-ல் தடா வந்தது. இரண்டு வருஷத்துக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். நீட்டி நீட்டிப் பத்து வருஷம் ஓட்டினார்கள். 76,000 பேருக்கு மேல் கைது. தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1995-ல் அன்றைய தேசிய மனித உரிமை ஆணையத் தலைவர் நீதிபதி ரங்கநாத் மிஸ்ராவே எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதி, இதைப் புதுப்பிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த மே மாதம் தடா காலாவதியானது.

தடாவில் ஒரு பிரிவு. எஸ்.பி. அந்தஸ்துள்ள போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். சாதாரணச் சட்டத்தில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்துக்கு மதிப்பே கிடையாது. ஏன் கிடையாது என்பதை லாக்கப்பைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். இந்தப் பிரிவு என்ன செய்யும் என்பதற்கு நம் கண் முன்னால் இருக்கும் சாட்சி பேரறிவாளன். 19 வயதில் கைது. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. 1998-ல் தடா நீதிமன்றம் ராஜீவ் வழக்கில் 26 பேருக்கும், ஆமாம், 26 பேருக்கும், தூக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் 19 பேரை அந்தத் தண்டனையிலிருந்து விடுவித்தது. தடா குற்றச்சாட்டே பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. பேரறிவாளனின் தூக்கு உறுதியானது. 2013-ல், அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரு வாக்கியம். அதை விட்டதற்கு விலை 31 ஆண்டு. 2022 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அற்புதம்மாள் ஒவ்வொரு அரசியல் தலைவர் வாசலிலும் ஏறி இறங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

தடா போனது, பொடா வந்தது. 2002 மார்ச்சில் அந்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. விடவில்லை. இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டி, 425-க்கு 296 என்று நிறைவேற்றினார்கள். ஆதரித்த கட்சிகளில் ம.தி.மு.க.வும் ஒன்று. நான்கு மாதம்கூட ஆகவில்லை. திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று, ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பிய வைகோவைச் சென்னை விமான நிலையத்திலேயே பொடாவில் கைது செய்தது அன்றைய மாநில அரசு. அப்போது அவர் எம்.பி. அவர் கட்சி மத்திய ஆட்சியில் கூட்டணி. அந்தக் கட்சிக்காரர்கள் டெல்லியில் அமைச்சர்களாக உட்கார்ந்திருந்தார்கள். என்ன பயன்? 19 மாதம் வேலூர் சிறை. அதே பொடாவில் பழ. நெடுமாறன், நக்கீரன் கோபால் என்று வரிசை நீண்டது. தீவிரவாத அமைப்பை வாயால் ஆதரித்துப் பேசுவது மட்டுமே குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் விளக்கம் சொன்னது. அதற்குள் போன மாதங்கள் போனதுதான்.

அடுத்ததுதான் பலர் கவனிக்காமல் விட்டது. 2004-ல் ஆட்சி மாறியதும் பொடாவை ரத்து செய்தார்கள். ஊரெல்லாம் பட்டாசு. அதே கையோடு உபாவில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, பயங்கரவாதம் பற்றிய அத்தியாயத்தை அங்கே குடியேற்றினார்கள். வாசல் பலகையைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் மாட்டியது போல. போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லும் என்ற பிரிவை மட்டும் விட்டுவிட்டார்கள், அதற்கு நன்றி சொல்லணும். ஆனால் தடாவுக்கும் பொடாவுக்கும் இருந்த ஒரு நல்ல குணம் போய்விட்டது. அவற்றுக்குக் காலாவதி தேதி உண்டு. குறிப்பிட்ட ஆண்டு வந்ததும் நாடாளுமன்றம் மறுபடி உட்கார்ந்து 'இது இன்னும் தேவையா' என்று கேட்டாகணும். உபாவுக்கு அப்படி ஒன்று கிடையாது. நிரந்தரம்.

2008-ல் மும்பைத் தாக்குதல் முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில், ப. சிதம்பரம் உள்துறை அமைச்சராக இருந்து 43டி-யையும் என்.ஐ.ஏ.வையும் கொண்டுவந்தார். 2019-ல் அமைப்புகளை மட்டுமல்ல, தனி மனிதரையும் விசாரணை இல்லாமலே 'பயங்கரவாதி' என்று அறிவிக்கலாம் என்ற திருத்தம் வந்தபோது, அதே சிதம்பரம் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து எதிர்த்துப் பேசினார். ஓட்டெடுப்பில் அவர் கட்சி ஆதரித்தது. 147-க்கு 42. கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. பேச மனம் வருகிறது, 'தேசவிரோதி' என்ற பட்டத்துக்குப் பயந்து எதிர்த்து ஓட்டுப்போடக் கை வரவில்லை. உபாவின் அரசியல் முழுவதும் அந்த ஒரு பயத்தில்தான் ஓடுகிறது. ஆட்சியில் இருந்தால் 'மென்மையான அரசு' என்று சொல்வார்களோ என்ற பயம். எதிர்க்கட்சியில் இருந்தால் 'பயங்கரவாதிகளுக்கு வக்காலத்து' என்பார்களோ என்ற பயம்.

'நம்ம கையில் இருந்தால் நாம் தப்பாகப் பயன்படுத்த மாட்டோம்' என்று சில தோழர்கள் சொல்றாங்க. கேரளத்தைப் பாருங்கள். 2019-ல் அங்கே உபாவை எதிர்க்கும் மார்க்சிஸ்ட் கட்சிதான் ஆட்சியில் இருந்தது. 2019 நவம்பரில் கோழிக்கோட்டில் அந்த அரசின் போலீஸ் இரண்டு மாணவர்களைப் பிடித்தது. துண்டறிக்கையும் புத்தகங்களும் வைத்திருந்தார்கள் என்று உபா போட்டது. அந்த இரண்டு பேரும் அதே மார்க்சிஸ்ட் கட்சியின் உறுப்பினர்கள். வழக்கு என்.ஐ.ஏ. கைக்குப் போனது. கடைசியில் உச்ச நீதிமன்றம் போய் 2021 அக்டோபரில்தான் ஜாமீன் விஷயம் முடிவுக்கு வந்தது. சொந்த ஆட்சியில் சொந்தக் கட்சிப் பிள்ளைகள்! (இந்த இடத்தில் நம் மாநிலமும் யோக்கியமாகப் பேச முடியாது. விசாரணையே இல்லாமல் ஓராண்டு அடைத்து வைக்கும் குண்டர் சட்டத்தை யார் ஆண்டாலும் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தடுப்புக் காவலில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

"செத்தவங்களைப் பத்தி யாராவது பேசுறீங்களா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பேசுவோம். அதுதான் முக்கியமே.

2006 ஜூலை 11, மும்பை மின்சார ரயில்களில் தொடர் குண்டுவெடிப்பு. 180 பேருக்கு மேல் இறந்தார்கள். போலீசிடம் தரும் வாக்குமூலம் செல்லும் என்ற பிரிவு உள்ள மகாராஷ்டிரச் சட்டத்தில் வழக்கு நடந்தது. 2015-ல் 12 பேருக்குத் தண்டனை, அதில் 5 பேருக்குத் தூக்கு. 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. அந்த வாக்குமூலங்களை நம்ப முடியாது என்று ஒதுக்கியது. அரசு மேல்முறையீடு போயிருக்கிறது, அது நடக்கட்டும். ஆனால் கணவனையோ பிள்ளையையோ அந்த ரயிலில் பறிகொடுத்த குடும்பத்துக்கு 19 ஆண்டு கழித்து நாம் கையில் கொடுத்தது என்ன? குஜராத் அக்சர்தாம் கோயில் தாக்குதல் வழக்கும் இப்படித்தான். பொடா நீதிமன்றம் தண்டித்த ஆறு பேரையும் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தப்பான ஆளைப் பிடித்தால் இரண்டு அநியாயம் நடக்கிறது. உள்ளே இருப்பவன் வாழ்க்கை போகிறது. குண்டு வைத்தவன் தேடப்படுவதே நின்றுபோகிறது.

இப்போது கோவை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் தடா இல்லை, பொடா இன்னும் வரவில்லை. சாதாரண தண்டனைச் சட்டமும் வெடிபொருள் சட்டமும்தான். தனி நீதிமன்றம் அமைத்து நடத்தினார்கள். 2007-ல் 150 பேருக்கு மேல் தண்டனை. அதில் பலருக்கு ஆயுள். குறையே இல்லையா? இருந்தது. ஒன்பது ஆண்டு ஜாமீன் இல்லாமல் கிடந்த மதானி கடைசியில் விடுதலை ஆனார், அந்த ஒன்பது ஆண்டைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியவில்லை. ஆனாலும் குண்டு வைத்தவர்களைத் தண்டிக்கச் சாதாரணச் சட்டம் போதாது என்ற வாதம் கோவை நீதிமன்றத்தில் உடைந்தது.

கசாப் வழக்கும் அப்படித்தான். கையில் துப்பாக்கியோடு படம் பிடிக்கப்பட்டவன். அவனுக்கும் அரசு செலவில் வழக்கறிஞர் கொடுத்தோம். நேரில் பார்த்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் தீர்ப்பு. அதே வழக்கில் கூடவே சேர்த்த இரண்டு இந்தியர்களுக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று விடுவித்ததும் அதே நீதிமன்றம்தான். உச்ச நீதிமன்றம் வரை அந்த விடுதலை நின்றது. கசாப்பைத் தண்டித்தது 43டி(5) இல்லை. ஆதாரமும் வேகமும்தான்.

வெளிநாட்டு உதாரணம் கேட்பவர்களுக்கு இரண்டு சொல்கிறோம். 1974-ல் பர்மிங்காமில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் செத்தபோது, எட்டே நாளில் பிரிட்டன் 'தற்காலிக' பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் போட்டது. தற்காலிகம் 2000 வரை ஓடியது. அந்தக் குண்டுவெடிப்புக்காகத் தண்டித்த ஆறு பேரும் நிரபராதிகள் என்று 16 ஆண்டு கழித்து 1991-ல் வெளியே விட்டார்கள். பக்கத்து இலங்கையிலும் 1979-ல் மூன்றாண்டுக்கு என்று போட்ட சட்டம்தான் 1982-ல் நிரந்தரமாகி, ஈழத் தமிழர்களை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாட்டியது. தற்காலிகம் என்ற சொல்லை எந்த அரசு சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆனால் பிரிட்டன் ஏதோ கற்றுக்கொண்டது. 2005 ஜூலையில் லண்டன் ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். நான்கே மாதத்தில் பிரதமர் டோனி பிளேர், குற்றச்சாட்டு இல்லாமல் 90 நாள் காவலில் வைக்க அதிகாரம் கேட்டார். ரத்தம் காயாத நேரம். மறுத்தால் மக்கள் என்ன சொல்வார்களோ என்று யாரும் பயந்திருக்கலாம். அவருடைய சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 49 பேர் எதிர்த்து ஓட்டுப்போட்டார்கள். 322-க்கு 291, பிளேர் தோற்றார். 28 நாள்தான் கிடைத்தது. பின்னால் அதுவும் 14 நாளாகக் குறைந்தது. அரசுக்கு வெளியே உள்ள ஒரு சட்ட வல்லுநர் இந்தச் சட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆய்ந்து ஆண்டுதோறும் அறிக்கை தருகிறார். அங்கே 14 நாள், இங்கே 180 நாள். நம்மைவிட அவர்களுக்கு உயிர் மேல் அக்கறை குறைவா?

அதனால் நாம் கேட்பது இதுதான். 43டி(5)-ஐ எடுக்கணும். ஜாமீன் தரலாமா வேண்டாமா என்பதை நீதிபதி இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு செய்யட்டும். ஆபத்தான ஆள் என்று தெரிந்தால் மறுக்கும் அதிகாரம் சாதாரணச் சட்டத்திலேயே அவருக்கு இருக்கிறது. உபா வழக்குகளுக்குப் போதுமான நீதிமன்றங்களைத் திறந்து, கால வரம்புக்குள் முடிக்கணும். நிரபராதி என்று வெளியே வருபவருக்கு நஷ்ட ஈடு சட்டத்திலேயே இருக்கணும், கருணையாக அல்ல. காலாவதி தேதி மறுபடி வரணும். பிரிட்டனில் இருப்பது போல ஆண்டறிக்கை நாடாளுமன்றத்துக்கு வரணும். உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அடுத்த கூட்டத்தொடருக்கு முன் கடிதம் போட்டு, உபாவில் உங்கள் நிலை என்ன என்று கேளுங்கள். நம் கட்சி எம்.பி. என்றால் இரண்டு தடவை கேளுங்கள்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு விதியும் வைக்கிறோம். யாராவது கைதானால், வழக்கு என்ன, ஆதாரம் என்ன என்று கேளுங்கள், விவாதியுங்கள், எங்களையும் திட்டுங்கள். ஆனால் ஒருவர் மேல் உபா போடச் சொல்லும் கமென்ட்டும், போட்டதைக் கொண்டாடும் மீமும் இனி இங்கே நிற்காது. அந்த ஆள் நம்மைத் தினமும் வசைபாடும் எதிர்க்கட்சிக்காரராக இருந்தாலும் அட்மின் நீக்கிவிடுவார்.